கணைய இன்ஹிபிட்டர் ரத்தத்த உறைய வைக்குமா, உறையாம தடுக்குமா? ரெண்டு மாதிரியும் எழுதியிருக்கே!

புரதப்பித்தன்:
வணக்கம் மக்களே. பயோகெமிஸ்ட்ரி பிஜி பண்றேன், செமினாருக்கு மாட்டுக் கணையத்துலேருந்து பிரிச்ச ட்ரிப்சின் இன்ஹிபிட்டர (புரோட்டீன வெட்டற ட்ரிப்சின்ங்கற என்சைமோட தடுப்பான்) எடுத்திருக்கேன், அதான் பிபிடிஐ, மருந்தா வரும்போது அப்ரோட்டினின். 1936லயே குனிட்ஸும் நார்த்ராப்பும் படிகமா பிரிச்சு எடுத்துட்டாங்க. 58 அமினோ அமிலம், மூணு டைசல்ஃபைடு பிணைப்பு, எடை 6,500 டால்டன் சொச்சம். இதுவரைக்கும் பிரச்சனை இல்ல.

முட்டிக்கிட்டு நிக்கறது எங்கன்னா, ஒரு புக்ல இத ப்ளாஸ்மால கலந்தா ஏபிடிடி (உறைய எத்தன செகண்டு ஆகுதுன்னு பாக்கற லேப் டெஸ்ட்) நீளுதுன்னு போட்டிருக்கு, அதாவது உறைய லேட் ஆகுது. இன்னொரு புக்ல இதே சாமான இதய ஆபரேஷன்ல ரத்தப்போக்க குறைக்க மில்லியன் யூனிட் கணக்குல ஏத்தினாங்கன்னு போட்டிருக்கு. உறையறத லேட் பண்ற ஒண்ணு எப்படிங்க ரத்தத்த நிறுத்தும்? ஸ்லைடுல எத எழுதறது? கைடுகிட்ட கேட்டா "படிச்சிட்டு வா"ன்னு சொல்லிட்டாரு, படிச்சதால தானே கேக்கறேன்.

சந்தேகசாமி:
ரெண்டுல ஒரு புக் தப்பு. உறைய வைக்கிற மருந்தா தடுக்கிற மருந்தான்னு ஒரே வார்த்தைல சொல்ல முடியலன்னா அதப் பத்தி யாருக்கும் சரியா தெரியலன்னு அர்த்தம். நான் டாக்டர் இல்ல, கணக்கு வாத்தியார், ஆனா முரண்பாடு கண்ணுல பட்டா விட மாட்டேன்.

லேப்கோட்டு:
ரெண்டு புக்கும் சரிதான் சாமி சார். ஏபிடிடி எப்படி போடறோம்னு பாத்தா பாதி குழப்பம் தீந்துடும். சிட்ரேட் ட்யூப்ல எடுத்த ரத்தத்தோட ப்ளாஸ்மால சிலிக்காவோ கயோலினோ எலாஜிக் அமிலமோ இருக்கற ரீஏஜென்ட், கூட ஃபாஸ்ஃபோலிப்பிட், ரெண்டும் சேத்து கொஞ்ச நிமிஷம் வெச்சிருந்து அப்புறம் கால்சியம் குடுக்கறோம். ரத்தத்த உறைய வைக்கற புரோட்டீன்களுக்கு ஃபேக்டர்னு நம்பர் போட்டிருக்காங்க, அந்தப் பொடியோட மேற்பரப்புல தான் ஃபேக்டர் 12 முழிச்சுக்குது, அது ப்ரீகல்லிக்ரீன கல்லிக்ரீனா மாத்துது, கல்லிக்ரீன் திரும்பி வந்து இன்னும் நிறைய 12ஐ எழுப்புது, இப்படி ஒண்ண ஒண்ணு தூக்கி விட்டுக்கிட்டே போய் 11, 9, 10ன்னு தாண்டி கடைசில ஃபைப்ரின் வலைய உருவாக்கற த்ராம்பின் வருது. அப்ரோட்டினின் நடுவுல அந்த கல்லிக்ரீன புடிச்சு உக்கார வெச்சிடுது, 11ஐயும் கொஞ்சம் தொடும். ஸ்டார்ட் ஆகறதே லேட், அதனால மெஷின்ல செகண்டு ஏறுது. அவ்ளோதான்.

ஆனா காயம் பட்டா ரத்தம் நிக்கறதுக்கு உடம்புக்கு இந்த கல்லிக்ரீன் பாதை தேவையே இல்ல. ஃபேக்டர் 12 சுத்தமா இல்லாதவங்க இருக்காங்க, ஏபிடிடி எங்கயோ போயிடும், ஆபரேஷன் பண்ணா கூட ரத்தம் கூடுதலா போகாது. ஜான் ஹேஜ்மன்னு ஒருத்தர்கிட்ட தான் இத முதல்ல கவனிச்சாங்க, 1955ல எழுதினாங்க, அந்த ஃபேக்டருக்கே அவர் பேரு தான். அவர் 1968ல இறந்தது எதனாலன்னு நினைக்கறீங்க? நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி போய் அடைச்சு. ரத்தம் உறையவே மாட்டேங்குதுன்னு ட்யூப் சொன்ன ஆளு. ஏபிடிடி நீண்டா ரத்தம் கொட்டும்னு வர்ற புது பசங்களுக்கு நான் முதல்ல சொல்றது இந்த கேஸ் தான்.

புரதப்பித்தன்:
சூப்பர் சார். அப்போ "ட்யூப்ல ஒரு மாதிரி, உடம்புல வேற மாதிரி"ன்னு ஸ்லைடுல போட்டுக்கலாமா?

நொதிநேசி:
அவசரப்படாதீங்க தம்பி, லேட் ஆகறது ஏன்னு மட்டும் தான் வந்திருக்கு, நிறுத்தறது எப்படின்னு இன்னும் வரல.

இந்த மூலக்கூறுல 15ஆவது இடத்துல ஒரு லைசின் இருக்கு, அது தான் எல்லா வேலையும். ட்ரிப்சின் மாதிரி என்சைம்கள் லைசினுக்கோ ஆர்ஜினினுக்கோ அடுத்த பிணைப்ப தான் வெட்டும், இன்ஹிபிட்டர் அந்த லைசின நேரா என்சைமோட வெட்டற இடத்துல நீட்டுது, என்சைம் கவ்வுது, ஆனா வெட்டி முடிச்சு வெளிய தள்ள முடியல, அப்படியே மாட்டிக்கிட்டு நிக்குது. மாட்டு ட்ரிப்சினோட பிடிப்பு மாறிலி 10ன் அடுக்கு மைனஸ் 14 மோலார் அளவுல இருக்கு, ரெண்டு புரோட்டீன் ஒண்ண ஒண்ணு இதவிட இறுக்கமா புடிக்கறது ரொம்ப அபூர்வம். இப்போ ரத்தத்துக்கு வாங்க. ரத்தம் உறையறதுலயும் கரையறதுலயும் வேலை செய்யற என்சைம் முக்கால்வாசியும் இதே ட்ரிப்சின் சொந்தக்காரங்க தான், அதனால எல்லாத்தையும் இது தொட்டுப் பாக்கும், ஆனா பிடி ஒரே மாதிரி இருக்காது. ப்ளாஸ்மின்னா சுமார் 1 நானோமோலார், நல்ல இறுக்கம். கல்லிக்ரீன் பத்துக் கணக்கு நானோமோலார், கொஞ்சம் தளர்வு. 11ஏ, அதாவது முழிச்சுக்கிட்ட ஃபேக்டர் 11, அதவிட தளர்வு. த்ராம்பின் கண்டுக்கறதே இல்ல, ஏன்னா த்ராம்பினோட வெட்டற இடத்த சுத்தி 60ஆவது இடத்துல ஒரு கூடுதல் லூப் நீட்டிக்கிட்டு வழிய மறைக்குது, அப்ரோட்டினின் உடம்ப உள்ள நுழைக்க முடியல.

ப்ளாஸ்மின் யாரு? உறைஞ்ச ஃபைப்ரின கரைக்கறவரு. அவர கட்டிப் போட்டா ஏற்கனவே உறைஞ்சது கரையாம நிக்கும். அதனால அப்ரோட்டினின் உறைய வைக்கலங்க, உறைஞ்சத காப்பாத்துது. ஒரே மருந்து, ஒரு கை ஆரம்பிக்கற இடத்துல லேசா பிரேக் போடுது, இன்னொரு கை கரையற இடத்துல பலமா பிரேக் போடுது. எந்தக் கை ஜெயிக்கும்னா டோஸையும் ரத்தம் எந்த வழியா உறைய ஆரம்பிச்சதுங்கறதையும் பொறுத்தது.

சந்தேகசாமி:
> ப்ளாஸ்மின்னா சுமார் 1 நானோமோலார்
சரிங்க மேடம், 1 நானோமோலார்லயே புடிச்சுடுதுன்னா எதுக்கு மில்லியன் யூனிட்? சும்மா ஒரு சொட்டு விட்டா போதாதா? கணக்கு இடிக்குது.

நொதிநேசி:
நல்ல கேள்வி, என் ஸ்டூடண்ட்ஸ் கூட இத கேக்க மாட்டாங்க. பிடிப்பு மாறிலி சொல்றது எவ்வளவு இறுக்கமா புடிக்கும்ங்கறத. எத்தன பேர புடிக்கணும்ங்கறது தனிக் கணக்கு. இங்க ஒண்ணுக்கு ஒண்ணு தான், பந்தியில ஒரு இலைக்கு ஒரு ஆளு தான் உக்கார முடியும், இலை எவ்வளவு நல்ல இலைங்கறது ஆள் எண்ணிக்கைய குறைக்காது. ப்ளாஸ்மாவுல ப்ளாஸ்மினோஜன் சுமார் 2 மைக்ரோமோலார் இருக்கு. அதுல பாதி முழிச்சுக்கிட்டா கூட 1 மைக்ரோமோலார் இன்ஹிபிட்டர் வேணும், 1 நானோமோலார் எந்த மூலைக்கு?

யூனிட்ட மாத்திப் பாருங்க. கல்லிக்ரீன் இன்ஹிபிட்டர் யூனிட்னு ஒண்ணு இருக்கு, 10,000 யூனிட் கிட்டத்தட்ட 1.4 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு 50 யூனிட்னா 7 மைக்ரோகிராம், அத 6,512ஆல வகுத்தா சுமார் 1.1 மைக்ரோமோலார். ப்ளாஸ்மின அடக்க இந்த அளவு ஓரளவு போதும்னு சொல்றாங்க. கல்லிக்ரீன நல்லா அடக்கணும்னா 200, 250 யூனிட் வரைக்கும் போகணும், அது 5 மைக்ரோமோலார் கிட்ட. ப்ரீகல்லிக்ரீன் ப்ளாஸ்மால அரை மைக்ரோமோலார் தான், இருந்தும் இவ்வளவு கேக்குது, ஏன்னா பிடி தளர்வு, மேல அது மேற்பரப்புல ஒட்டிக்கிட்டு ஒரே இடத்துல குவிஞ்சு கிடக்கு. அதனால கம்மி டோஸ்ல இது ப்ளாஸ்மின் மருந்து, நிறைய குடுத்தா கல்லிக்ரீனும் சேந்து அடங்கும்.

சந்தேகசாமி:
இது ஒத்துக்கறேன்.

மயக்கம்தெளி:
தம்பி, நான் ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர், இந்த மருந்த கையால ஏத்தினவன், அதனால ரெண்டு வார்த்தை. கல்லிக்ரீன அடக்கணும்னு தான் அந்தப் பெரிய டோஸே வந்தது. ஆபரேஷன் நேரத்துல இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலா ஓடற பைபாஸ் மெஷின்ல ரத்தம் பிளாஸ்டிக்ல ஓடும்போது கல்லிக்ரீன் எழும்பி நுரையீரல கெடுக்குதோன்னு லண்டன் ஹேமர்ஸ்மித்ல ராய்ஸ்டன் குழு நினைச்சுது, அந்த அளவுக்கு ரத்தத்துல வரணும்னு கணக்கு போட்டு குடுத்தாங்க, ஆரம்பத்துல 20 லட்சம் யூனிட், மெஷின் குழாய்ல இன்னொரு 20 லட்சம், அப்புறம் மணிக்கு 5 லட்சம். நெஞ்ச திறந்து வெச்சிருந்த சர்ஜன்கள் கவனிச்சது வேற, என்னடா ஆபரேஷன் களமே காஞ்சு கிடக்கு! 1987ல லான்செட்ல வந்தது, ரெண்டாந்தடவை இதய ஆபரேஷன் பண்ற 22 பேரு, மருந்து இல்லாதவங்களுக்கு சராசரி 1,509 மில்லி ரத்தப்போக்கு, மருந்து குடுத்தவங்களுக்கு 286. அப்படி ஒரு வித்தியாசத்த ஆபரேஷன் தியேட்டர்ல கண்ணால பாக்க முடியும், புள்ளிவிவரம் கூட தேவையில்ல.

அதுக்கு முன்னாடி இது கணைய அழற்சிக்குனு தான் இருந்தது. ட்ரிப்சின் கணையத்தையே தின்னுது, ட்ரிப்சின் தடுப்பான ஏத்தினா சரியாயிடும்னு. கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு? 1977ல வந்த பெரிய பிரிட்டிஷ் ட்ரையல்ல பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சது. நோயாளி வலியோட வந்து சேர்றதுக்குள்ள ட்ரிப்சின் தன் வேலைய முடிச்சிருக்கும். எதுக்கு செஞ்சாங்களோ அதுக்கு உதவல, எதிர்பாக்காத இடத்துல உதவிச்சு.

லேப்கோட்டு:
புரதப்பித்தன் தம்பி, "ட்யூப்ல ஒரு மாதிரி உடம்புல ஒரு மாதிரி"ன்னு எழுதறேன்னீங்கல்ல, அத எழுதாதீங்க, வைவால யாராவது புடிப்பாங்க. ட்யூப்லயே ரெண்டையும் காட்ட முடியும்.

ரோட்டெம்னு ஒரு மெஷின், ரத்தம் உறையும்போது அதோட உறுதி எப்படி ஏறுது எப்படி கரையுதுன்னு கிராஃபா போடும். அதுல எக்ஸ்டெம்னு ஒரு சேனல், அத ஸ்டார்ட் பண்றது கயோலின் இல்ல, டிஷ்யூ ஃபேக்டர், அதாவது நிஜக் காயத்துல வெளிய தெரியற அதே புரோட்டீன். பக்கத்துல ஆப்டெம்னு இன்னொரு சேனல், அதுவும் அதே டிஷ்யூ ஃபேக்டர் தான், கூட என்ன தெரியுமா, அப்ரோட்டினின்! ரீஏஜென்ட்டாவே உள்ள இருக்கு. ரத்தத்துல ப்ளாஸ்மின் ஓவரா ஆடுதுன்னு வைங்க, எக்ஸ்டெம் கிராஃப் நல்லா அகலமா வந்து அப்புறம் நூலா சுருங்கிடும், ஆப்டெம் அகலமாவே நிக்கும். அத பாத்து தான் ஃபைப்ரின் கரையறத தடுக்கற மருந்து குடுக்கலாமான்னு தியேட்டர்ல முடிவு பண்றாங்க. இங்க அப்ரோட்டினின் உறைய ஆரம்பிக்கறத லேட் பண்றதில்ல, ஏன்னா கல்லிக்ரீன் இந்த ஆட்டத்துலயே இல்ல. அதனால வித்தியாசம் ட்யூபுக்கும் உடம்புக்கும் இல்ல தம்பி. எந்த ஸ்விட்ச்ச போட்டு ஆரம்பிச்சோம்ங்கறது தான்.

புரதப்பித்தன்:
சார் இது தான் எனக்கு வேண்டியது!! ஸ்லைடு 7 மொத்தமா மாத்தறேன். ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல போட்டா போதும், பேசவே வேண்டாம்.

வாசகி:
எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசறீங்க, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். எங்க வீட்டுல பெரியவர் ஒருத்தர் நாள்பட்ட கணைய அழற்சிக்கு சாப்பாட்டோட என்சைம் கேப்சூல் எடுத்துக்கறார். சமீபத்துல ரத்தம் உறையற டெஸ்ட்ல நேரம் கூடுதலா வந்திருக்கு. அந்த கேப்சூல் தான் ரத்தத்த இளக்குதோ? நிறுத்திடலாமான்னு கேக்கறார்.

நொதிநேசி:
அத அவரா நிறுத்த வேண்டாம்மா, தயவுசெஞ்சு. அந்த கேப்சூல்ல இருக்கறது இன்ஹிபிட்டர் இல்ல, என்சைம், லைபேஸ் அமைலேஸ் புரோட்டியேஸ். வயித்து அமிலத்துல கரையாத பூச்சோட வரும், குடல்ல வேலை செய்யும், அங்கயே முடிஞ்சிடும், ரத்தத்துல போய் ஒண்ணும் பண்ணாது.

பெரும்பாலும் கதை தலைகீழா தான் இருக்கும். கணையம் லைபேஸ் சுரக்கலன்னா கொழுப்பு ஜீரணமாகாது, கொழுப்போட சேந்து வர்ற வைட்டமின் கேயும் உள்ள போகாது. வைட்டமின் கே இல்லாம கல்லீரல் ஃபேக்டர் 2, 7, 9, 10 நாலையும் சரியா முடிச்சு அனுப்ப முடியாது, அப்போ புரோத்ராம்பின் டைம் நீளும், 7 தான் சீக்கிரம் தீந்து போறதால முதல்ல அந்த டெஸ்ட்ல தான் தெரியும். அதனால கேப்சூல நிறுத்தினா இன்னும் மோசமாகலாம். மாறா டோஸ் போதலையோ, சாப்பாட்டு நடுவுல எடுத்துக்கறாரா இல்ல வெறும் வயித்துலயா, இதெல்லாம் டாக்டர் கேப்பாங்க. அவர் வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மருந்து ஏதாவது எடுத்தா அதையும் சொல்லுங்க. கல்லீரல் கோளாறுலயும் இப்படி வரும், அதனால ரிப்போர்ட்டோட நேர்ல போய் காட்டறது தான் சரி.

வாசகி:
ரொம்ப நன்றி மேடம். வார்ஃபரின் இல்ல. ரிப்போர்ட்ட எடுத்துட்டு போகச் சொல்றேன்.

கத்துக்குட்டி:
ஒரு அடிப்படைக் கேள்வி. இது மாட்டுக் கணையம். மனுஷக் கணையத்துலயும் ட்ரிப்சின் தடுப்பான் இருக்கணும்ல, இல்லன்னா நம்மள நாமே ஜீரணம் பண்ணிடுவோம். அது ரத்தத்துல கலந்தா ரத்தம் நிக்குமா?

நொதிநேசி:
இருக்கு, ஆனா அது வேற குடும்பம். 1948ல கசல் குழு கணையத்துலேருந்து இன்னொரு இன்ஹிபிட்டர பிரிச்சாங்க, இது கணைய நீரோடயே சுரக்கறது, மனுஷங்ககிட்ட 56 அமினோ அமிலம், ஜீன் பேரு ஸ்பிங்க்1. குனிட்ஸ் வகை இன்ஹிபிட்டர மாடு நுரையீரல் மாதிரி இடங்கள்ல மாஸ்ட் செல்லுக்குள்ள வெச்சிருக்கு, மருந்துக்கு கூட கணையத்த விட நுரையீரல்லேருந்து தான் அதிகமா எடுத்தாங்க. கசல் வகை தான் கணையத்தோட சொந்தக் காவல். அது ட்ரிப்சின மட்டும் தான் நல்லா புடிக்கும், ப்ளாஸ்மின் கல்லிக்ரீன் த்ராம்பின் எதையும் சட்டை பண்ணாது. அதனால "கணைய இன்ஹிபிட்டர்"னு பொதுவா சொன்னா ரத்தத்த பத்தி எதுவும் சொன்ன மாதிரி ஆகாது, எந்த இன்ஹிபிட்டர்னு கேக்கணும். ஸ்பிங்க்1ல 34ஆவது இடத்துல அஸ்பராஜினுக்கு பதிலா செரின் வர்ற மாற்றம் நாள்பட்ட கணைய அழற்சியோட சேந்து வருதுன்னு 2000ல கண்டுபிடிச்சாங்க. அவங்களுக்கு ரத்தம் உறையறதுல தனியா குறை ஒண்ணும் வர்றதில்ல, இதுவே உங்க கேள்விக்கு பாதி பதில்.

கசல் குடும்பத்தால ரத்தத்துல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு இல்ல. ரோட்னியஸ்னு ரத்தம் குடிக்கற பூச்சி ஒண்ணு, அதுகிட்ட கசல் அமைப்பு ரெண்டு சேந்த ரோட்னின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, அது த்ராம்பினையே அமுக்கிடும், குடிச்ச ரத்தம் பூச்சி வயித்துல உறையக் கூடாதுல்ல. குனிட்ஸ் பக்கம் பாத்தா உண்ணி ஃபேக்டர் 10ஏவ தடுக்கற ஒண்ண வெச்சிருக்கு, ஆஸ்திரேலிய பழுப்புப் பாம்பு விஷத்துல ப்ளாஸ்மின தடுக்கற ஒண்ணு இருக்கு. மூலக்கூறு மடிப்பு ஒண்ணு தான், முனையில நீட்டற அமினோ அமிலத்தையும் சுத்தி இருக்கற நாலஞ்ச மாத்தினா எதிரி மாறிடுவாங்க.

கத்துக்குட்டி:
> முனையில நீட்டற அமினோ அமிலத்த மாத்தினா
நம்பவே முடியல, ஒரே ஒரு அமிலமா?

நொதிநேசி:
சில நேரம் ஒண்ணே போதும். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின்னு ரத்தத்துல ஒரு பெரிய இன்ஹிபிட்டர், இது கல்லீரல் சரக்கு, குடும்பமும் வேற. 358ஆவது இடத்துல மெத்தியோனின், நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ புடிக்கறது தான் வேலை. ஒரு பையனுக்கு அந்த ஒரு இடத்துல மட்டும் ஆர்ஜினின் வந்துடுச்சு. அவ்வளவு தான், அது த்ராம்பின் இன்ஹிபிட்டரா மாறிடுச்சு, உடம்பு தானே ஓயாம ஹெப்பரின் (ரத்தம் உறையாம தடுக்கற மருந்து) போட்டுக்கற நிலைமை. காயமோ காய்ச்சலோ வந்தா இந்தப் புரோட்டீன் உற்பத்தி இன்னும் ஏறும், அதனால ஒவ்வொரு தடவையும் ரத்தப்போக்கு கூடுதல். பிட்ஸ்பர்க் வகைன்னு பேரு, 1983ல எழுதினாங்க, பையன் ரத்தப்போக்குலயே இறந்து போனான்.

நம்ம ரத்தத்துலயே குனிட்ஸ் சொந்தக்காரர் ஒருத்தர் நிரந்தரமா இருக்கார், டிஷ்யூ ஃபேக்டர் பாதை இன்ஹிபிட்டர், வரிசையா மூணு குனிட்ஸ் அமைப்பு, முதலாவது 7ஏவ புடிக்கும், ரெண்டாவது 10ஏவ புடிக்கும். இவர் ரத்தம் உறையறதுக்கு நேர் பிரேக். இப்போ ஹீமோஃபீலியாவுக்கு வந்திருக்கற மார்ஸ்டாசிமாப் அந்த ரெண்டாவது குனிட்ஸ் அமைப்புல போய் ஒட்டி பிரேக்க தளத்தற ஆன்டிபாடி தான், 2024ல அமெரிக்காவுல அனுமதி ஆச்சு. அதே மாதிரி முதல் அமைப்ப எடுத்து செதுக்கி கல்லிக்ரீன மட்டும் புடிக்கற மாதிரி பண்ணது ஈகல்லன்டைட், 2009ல பரம்பரை ஆஞ்சியோஎடிமாவுக்கு (உடம்புல அங்கங்க திடீர்னு வீங்கற பரம்பரை நோய்) வந்தது.

மயக்கம்தெளி:
இன்னும் ஒரு வேடிக்கை சேத்துக்கோங்க. நஃபமோஸ்டாட்னு ஒரு மருந்து, ஜப்பான்ல கணைய அழற்சிக்கு குடுக்கறாங்க, அதுவும் ட்ரிப்சின் தடுப்பான் தான், ஆனா புரோட்டீன் இல்ல, ஃபேக்டரில செஞ்ச சின்ன மூலக்கூறு. இது த்ராம்பின், 10ஏ, 12ஏ எல்லாத்தையும் அடக்கும். அதனால டயாலிசிஸ் குழாய்ல, எக்மோ (ரத்தத்துக்கு வெளியிலேருந்து ஆக்சிஜன் ஏத்தற மெஷின்) குழாய்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரினுக்கு பதிலா இத விடறாங்க, சில நிமிஷத்துலயே ரத்தத்துல சிதைஞ்சு போறதால மெஷினுக்குள்ள மட்டும் வேலை செய்யும், ரத்தப்போக்கு அபாயம் இருக்கற நோயாளிக்கு தோது. கணைய அழற்சி மருந்து ரெண்டு, ஒண்ணு ரத்தப்போக்க நிறுத்தப் போச்சு, ஒண்ணு ரத்தத்த உறையாம வைக்கப் போச்சு. சந்தேகசாமி சார் கேட்ட ஒரே வார்த்தை பதில் இங்க கிடைக்காது.

சந்தேகசாமி:
சரி சரி. ஆனா டாக்டர் சார், இவ்வளவு நல்ல மருந்துன்னா ஏன் எடுத்துட்டாங்க? நானும் தேடிப் படிச்சேன். 2006ல 4,374 நோயாளிங்கள பாத்த ஆய்வு, சிறுநீரகம் கெடுதுன்னு. 2008ல, ரத்தப்போக்க குறைக்கற மூணு மருந்த ஒப்பிட்ட பார்ட் ட்ரையல், அப்ரோட்டினின் குடுத்தவங்கள்ல 30 நாள்ல 6.0 சதவீதம் இறந்தாங்க, டிரானெக்ஸாமிக் அமிலத்துல 3.9, அமினோகாப்ரோயிக்ல 4.0. பெரிய ரத்தப்போக்கு கம்மி தான், அப்ரோட்டினின்ல 9.5 சதவீதம், மத்த ரெண்டுலயும் 12.1. ரத்தம் நின்னு ஆளு போனா என்ன பிரயோஜனம்? கம்பெனியே 2007 நவம்பர்ல விக்கறத நிறுத்திடுச்சு.

மயக்கம்தெளி:
எண் எல்லாம் சரி. அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா அந்த எண்ணுக்குள்ள தம்பியோட முதல் கேள்வி ஒளிஞ்சிருக்கு, அத பாருங்க.

பைபாஸ் ஓடும்போது ஹெப்பரின் போதுமான்னு பாக்க ஏசிடின்னு ஒரு டெஸ்ட் தியேட்டர்லயே போடுவோம். அதையும் ஸ்டார்ட் பண்றது பொடி தான், செலைட் இல்லன்னா கயோலின். அப்ரோட்டினின் இருந்தா செலைட் ஏசிடி சும்மாவே நீளும், லேப்கோட்டு தம்பி சொன்ன அதே கல்லிக்ரீன் காரணம். 500 செகண்டு காட்டுது, ஹெப்பரின் நிறைய இருக்குன்னு நினைச்சு மேல குடுக்காம விடுவோம், நிஜத்துல ஹெப்பரின் பத்தாது, த்ராம்பின் சந்தடியில்லாம உருவாகிக்கிட்டு இருக்கும், அந்தப் பக்கம் ப்ளாஸ்மினையும் கட்டிப் போட்டாச்சு, புதுசா தெச்ச குழாய்ல கட்டி விழுந்தா கரைக்க ஆளே இல்ல. இதுக்காக தான் செலைட்னா 750 செகண்டுக்கு மேல, கயோலின்னா 480க்கு மேல வெச்சுக்கணும்னு மருந்துக் குறிப்புலயே போட்டாங்க. எல்லாரும் அத மதிச்சாங்களா? ஐரோப்பிய மருந்து முகமை 2012ல மறுபடி அலசிப் பாத்து, பார்ட்ல ஹெப்பரின கண்காணிச்ச விதம் சரியில்ல, சில நோயாளிங்க தகவல விட்டுட்டாங்க, அந்த முடிவ நம்ப முடியாதுன்னு சொல்லி தடைய நீக்கச் சொன்னது, ரத்தப்போக்கு அபாயம் அதிகமா இருக்கற, பைபாஸ் கிராஃப்ட் மட்டும் பண்றவங்களுக்குன்னு சுருக்கி.

சந்தேகசாமி:
அப்போ மருந்து நல்லது, டாக்டருங்க தப்புன்றீங்களா? ஒரு டெஸ்ட்டயே பொய் சொல்ல வைக்கற மருந்து, பொய் சொல்லாத மருந்து பக்கத்துலயே இருக்கும்போது, எனக்கு எதுக்கு?

மயக்கம்தெளி:
அது நியாயமான வாதம், நான் மறுக்கல. டிரானெக்ஸாமிக் அமிலம் விலையும் கம்மி, ப்ளாஸ்மினோஜன் ஃபைப்ரின்ல போய் ஒட்டற லைசின் இடத்த மட்டும் மறைக்குது, கல்லிக்ரீன் பக்கம் போறதே இல்ல, அதனால ஏசிடிய குழப்பாது. வலிப்பு வரலாம் பெரிய டோஸ்ல, அது வேற. அப்ரோட்டினின் மாட்டுப் புரோட்டீன், ரெண்டாந்தடவை குடுத்தா அலர்ஜி ஷாக் வரலாம், முதல் தடவை குடுத்து 6 மாசத்துக்குள்ளன்னா அபாயம் ஜாஸ்தி. சிறுநீரகத்துலயும் போய் சேருது. என் கருத்து, வழக்கமான கேஸுக்கு டிரானெக்ஸாமிக் போதும். மூணாந்தடவை நெஞ்ச திறக்கற கேஸ்னா அப்ரோட்டினின் என் ட்ராலில இருந்தா சந்தோஷப்படுவேன்.

லேப்கோட்டு:
இதுக்கு எங்க பக்கத்துலேருந்து ஒரு வழி இருக்கு டாக்டர், ஏசிடிய நம்பாம ஹெப்பரின் அளவையே புரோட்டமின் டைட்ரேஷன்ல (ஹெப்பரின முறிக்கற புரோட்டமின் எவ்வளவு தேவைப்படுதுன்னு) பாக்கறது, அத அப்ரோட்டினின் தொடாது. கயோலின் ஏசிடி கொஞ்சம் தப்பிச்சதுக்கும் காரணம் சொல்றேன், அப்ரோட்டினின் கடுமையான காரத்தன்மை உள்ள புரோட்டீன், பிஐ 10.5, கயோலின் மேல மைனஸ் சார்ஜ், மருந்து போய் பொடியிலயே ஒட்டிக்குது, செலைட்ல அவ்வளவு ஒட்டறதில்ல. அப்புறம் லேப் பசங்களுக்கு ஒரு எச்சரிக்கை, சில ஹார்மோன் டெஸ்ட்டுக்கு பெப்டைடு சிதையாம இருக்க அப்ரோட்டினின் போட்ட ட்யூப் வரும், கையில இருக்கேன்னு அதுல ஏபிடிடி போட்டுடாதீங்க.

புரதப்பித்தன்:
கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். கணைய அழற்சி கேஸ்ல ட்ரிப்சினே ரத்தத்துல கசியுதுல்ல, அது உறைய வைக்குமா?

நொதிநேசி:
கொஞ்சமா போனா உறைய வைக்கும். 1937ல ஈகிளும் ஹாரிஸும் காட்டினது, ட்ரிப்சின் புரோத்ராம்பின நேரா வெட்டி த்ராம்பினா ஆக்கிடும். நிறைய போட்டா ஃபைப்ரினோஜனையே நறுக்கித் தள்ளிடும், அப்புறம் உறைய சரக்கே இருக்காது. ரத்தத்துல ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினும் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலினும் கசிஞ்ச ட்ரிப்சின உடனே புடிச்சுடறதால சாதாரணமா இது பெருசாகாது. கடுமையான கேஸ்ல அழற்சி, டிஷ்யூ ஃபேக்டர், கூட இந்த ட்ரிப்சின் எல்லாம் சேந்து உடம்பு பூரா சின்னச் சின்னக் கட்டி விழற டிஐசி வரும், பக்கத்துலயே ஓடற மண்ணீரல் சிரையில பெரிய கட்டியும் விழலாம்.

சந்தேகசாமி:
டிஐசில ரத்தமும் கசியும்னு படிச்சேன். அங்க அப்ரோட்டினின் குடுத்தா நிக்குமா?

மயக்கம்தெளி:
அங்க தான் கை வைக்கக் கூடாது. டிஐசில சின்ன ரத்தக்குழாய்ங்க எல்லாம் ஃபைப்ரினால அடைபட்டு கிடக்கு, அத கரைச்சு வழி விட்டுக்கிட்டு இருக்கறதே ப்ளாஸ்மின் தான். அவர கட்டிப் போட்டா கசிவு குறையலாம், சிறுநீரகம் போயிடும். ஃபைப்ரின் கரையறது தான் முக்கியப் பிரச்சனைன்னு உறுதியா தெரிஞ்ச அபூர்வ கேஸ்ல மட்டும் யோசிப்போம், அதுக்கு தான் லேப்கோட்டு தம்பி சொன்ன அந்த ரெண்டு கிராஃபும். செமினார்ல டிஐசி கேள்வி கட்டாயம் வரும் தம்பி, தயாரா போங்க.

புரதப்பித்தன்:
வெள்ளிக்கிழமை செமினார் டாக்டர். ஸ்லைடு 7ல ரெண்டு கிராஃப், 8ல ஏசிடி, 9ல டிஐசி. லேப்கோட்டு சார், ரெண்டு சேனலோட படம் இருந்தா தனிச்செய்தில அனுப்ப முடியுமா, நோயாளி விவரம் மறைச்சு?

லேப்கோட்டு:
கன்ட்ரோல் சாம்பிள்ல டிபிஏ (ப்ளாஸ்மின எழுப்பி விடற மருந்து) கலந்து நாங்க ட்ரெய்னிங்க்கு எடுத்து வெச்ச படம் இருக்கு, நோயாளி யாரும் இல்ல. நாளைக்கு அனுப்பறேன்.